530 கிலோமீட்டருக்கு ஏன் ஒன்றரை மணி நேரம்?

தூத்துக்குடி வாகைக்குளத்திலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு வான்வழி நேர்த்தூரம் சுமார் 530 கி.மீ. இத்தடத்தில் பறக்கும் ஏடிஆர் விமானம் உச்ச உயரத்தில் மணிக்குச் சுமார் 500 கி.மீ. போகும். கணக்குப்படி ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். அட்டவணையிலோ ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்!

ஏன்? விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து, மறுமுனையில் வந்து நிற்கும்வரை எல்லாமே பயண நேரம்தான். ஓடுபாதைவரை ஊர்வதும் அதில் அடக்கம். மேலேறும்போது வேகம் குறைவு; தரை தொடும்போது மணிக்குச் சுமார் 200 கி.மீ.தான்.

சென்னையின் முதன்மை ஓடுபாதை ஏறத்தாழ கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. தெற்கிலிருந்து வரும் விமானம், காற்றுக்கு எதிர்முகமாக இறங்குவதற்காக வளைந்து திரும்ப வேண்டும். வழியெல்லாம் 50 கி.மீ. வேகத்தில் எதிர்காற்று அடித்தால் இன்னும் ஏழு நிமிடம் கூடும்.

குறும்பயணம் என்றால், தூரத்தை வேகத்தால் வகுத்து அரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள், பெரும்பாலும் ஒத்துவரும்.