மார்ஃபினும் மலச்சிக்கலும்

மார்ஃபின் எழுதும்போது கூடவே மலமிளக்கியும் எழுதாத டாக்டர்மேல் எனக்கு நம்பிக்கை வராது. புற்றுநோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் நர்ஸ் நான். வலி அடங்கிய வீட்டிலிருந்து அடுத்து வரும் போன் பெரும்பாலும் இப்படித்தான்: "அம்மாவுக்கு நாலு நாளா மோஷன் போகல சிஸ்டர்."

மார்ஃபின் வேலை செய்வது நரம்பு செல்களின் மேலுள்ள 'ஏற்பி' என்ற புரதங்களில். அப்படி ஒன்று மூளையில் இருப்பதை 1973-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்கள் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் காட்டினார்கள். கசகசாச் செடியின் காய்ப்பாலான அபினிலிருந்து வரும் மார்ஃபினுக்கு நம் மூளையில் எதற்கு இடம்? 1975-இல் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் ஹியூஸும் கோஸ்டர்லிட்ஸும் பன்றி மூளையிலிருந்து என்கெஃபலினைப் பிரித்தெடுத்தார்கள். உடம்பே சுரக்கும் வலிநிவாரணி அது. ஏற்பி இருப்பது அதற்காக. மார்ஃபின் அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது.

இந்த ஏற்பியில் மியூ, டெல்டா, கப்பா என்று வகைகள் உண்டு. மார்ஃபினுக்கு மியூதான் முக்கியம். அது தூண்டப்பட்டால் நரம்பு முனைக்குள் கால்சியம் நுழைவது குறையும். தண்டுவடத்தில் வலிச்செய்தி அடுத்த நரம்புக்குத் தாண்டாது. அதே மியூ குடல் நரம்புகளிலும் இருப்பதால் குடலசைவு மந்தமாகிறது. குமட்டலும் தூக்கக்கலக்கமும் சில நாளில் பழகிவிடும், குடல் மட்டும் பழகுவதே இல்லை. மூச்சை நடத்தும் மூளைத்தண்டிலும் மியூ உண்டு. அளவு மிஞ்சினால் மூச்சு அடங்குவது அதனால்தான். நலாக்சோன் ஊசி போட்டால் அது மார்ஃபினைத் தள்ளிவிட்டு, தான் எதையும் தூண்டாமல் அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும்.

"அடிமையாயிடுவாங்களா சிஸ்டர்?" வாசல்வரை வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். வாரக்கணக்கில் எடுத்தால் உடம்பு பழகும். சட்டென்று நிறுத்தினால் வியர்க்கும், வயிறு போகும். கெடுதல் என்று தெரிந்தும் மருந்தைத் தேடி அலைவதுதான் அடிமைத்தனம். அது வேறு. அந்த ஆபத்து அறவே கிடையாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பயத்திலேயே புற்றுநோய் வலியில் ஒருவரைக் கதறவிடுவது அநியாயம். அரசு உரிமத்தோடு அபின் விளையும் நாடு இது. ஆனாலும் 1985-இன் போதைப்பொருள் சட்டக் கெடுபிடிக்கு அஞ்சிப் பல ஆஸ்பத்திரிகள் மார்ஃபினையே வாங்கி வைக்கவில்லை. 2014-இல் வந்த திருத்தம் கொஞ்சம் தளர்த்தியது.

நாலு மணி நேரத்துக்கொரு மாத்திரை என்றால் வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். தட்டி எழுப்பியும் எழாமல், மூச்சு மெதுவாகி, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். மிச்ச மாத்திரையைப் பக்கத்து வீட்டு முதுகுவலிக்குக் கொடுக்காமல், வாங்கிய இடத்திலேயே ஒப்படையுங்கள்.