பழுது டிஸ்க்கிலா, கேபிளிலா?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. புதுச்சேரியின் நெல்லித்தோப்பு போன்ற கடலோர நகரப் பகுதியில் வீட்டிலேயே சர்வர் வைத்திருப்பவர்களுக்கு மின்வெட்டு, ஈரம், உப்புக் காற்று மூன்றுமே தலைவலிதான்.

ஏன் கெடுகிறது?

ஹார்ட் டிஸ்க்கில் சுழலும் தட்டுக்குச் சில நானோமீட்டர் மேலே தலைப்பகுதி மிதக்கிறது. மின்சாரம் போனால், தட்டின் மிச்சச் சுழற்சியிலிருந்தே ஆற்றல் எடுத்து அது ஓரமாக ஒதுங்கிக்கொள்ளும். ஆனால், எழுதி முடிக்காத தரவு அழிந்துவிடும். ஈரமும் உப்பும் இணைப்பு முனைகளை அரிக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் முக்கியமான கோப்புகளை வேறிடத்தில் நகலெடுங்கள், சோதனையெல்லாம் பிறகுதான். அடுத்து, டிஸ்க் தானே எழுதிவைக்கும் 'ஸ்மார்ட்' பதிவைப் பாருங்கள். அதில் 5, 197 ஆகிய எண்களுக்கு எதிரே உள்ள மூல எண்ணிக்கை (raw value) ஏறிக்கொண்டே போனால் தட்டில் பழுது. டிஸ்க்கை மாற்றுவதே வழி. 199 மட்டும் ஏறினால் தரவு வழியில் சிதைகிறது என்று பொருள். பெரும்பாலும் கேபிளை மாற்றினாலே போதும். 199-இல் ஏறிய எண் இறங்காது, மேலும் ஏறாமல் நின்றால் சரியாகிவிட்டது. பல டிஸ்க்குகள் ஒரே நேரத்தில் மக்கர் செய்தால் பவர் சப்ளையையும் ரேமையும் சந்தேகிக்கலாம்.

பல டிஸ்க்குகளை இணைக்கும் ரெய்டு அமைப்பு பொதுவாக ஒரு டிஸ்க் போனால் காப்பாற்றும். ஆனால், வெள்ளம் புகுந்தால் எல்லா டிஸ்க்கும் சேர்ந்தே நனையும். யுபிஎஸ்ஸும், வேறு ஊரில் ஒரு நகலும் அவசியம்.