கிண்ணத்தை உடனே எடுத்து வைக்காதீங்க

இன்னைக்குக் கொஞ்சம் கனமான டாபிக். வீட்டுல வளர்ந்த நாயோ பூனையோ இறந்துட்டா, அந்தக் குடும்பம் அதை எப்படி நினைவுல வெச்சுக்கலாம்?

"ஒரு நாய்க்கு இவ்வளவு எதுக்கு?"ன்னு கேக்குறவங்க இருப்பாங்க. அவங்களுக்கு ஒரு தகவல். திருவண்ணாமலை மாவட்டத்துல எடுத்தனூர்னு ஒரு ஊர். அங்க கிடைச்ச ஒரு நடுகல் 7-ஆம் நூற்றாண்டு, முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தைச் சேர்ந்தது. எருமைகளைக் காப்பாத்தப் போய் இறந்த ஒரு வீரனோட கல் அது. அவன் பக்கத்துலயே ஒரு நாயையும் செதுக்கியிருக்காங்க. அது கள்ளனைக் கடிச்சுக் காவல் காத்ததையும், அதோட பேரு கோவிவன்ங்கிறதையும் கல்லுல வெட்டியிருக்காங்க. அதனால நாய்க்காக அழுறதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல.

வீட்டுல சிக்கல் வர்றது வேற இடத்துல. ஒரே நாய்தான், ஆனா ஒவ்வொருத்தருக்கும் அது வேற. அப்பாவுக்குக் காலை வாக்கிங் துணை. தங்கச்சிக்குப் பரீட்சை நேரத்துல கூடவே முழிச்சிருந்த ஆளு. பாட்டிக்கு, திட்டிக்கிட்டே தயிர்சாதம் வெச்ச ஜீவன். இதுல யாரோ ஒருத்தர், நல்ல எண்ணத்துலதான், அன்னைக்கு ராத்திரியே கிண்ணம், சங்கிலி எல்லாத்தையும் எடுத்து மறைச்சிடுவாங்க. காலையில எழுந்து வர்ற குழந்தைக்கு அது ரெண்டாவது தடவை காணாமப் போன மாதிரி இருக்கும். எங்க வீட்டுல மணி போனப்ப, அவன் சங்கிலி மூணு மாசம் கேட்லயே தொங்குச்சு. ஒருநாள் அப்பாவே எடுத்துத் துடைச்சு பீரோவுல வெச்சார்.

ஒரு விதிவிலக்கு இருக்கு. பார்வோ மாதிரி தொற்றுநோயில இறந்திருந்தா, அந்த வைரஸ் மாசக்கணக்குல உயிரோட இருக்கும். அப்போ படுக்கையை அப்புறப்படுத்துங்க, கிண்ணத்தை பிளீச்சிங் போட்டுக் கழுவுங்க. அதையெல்லாம் வேற நாய்க்குக் கொடுக்காதீங்க.

சரி, என்னென்ன செய்யலாம்?

முதல்ல, பாதத்தடம். புதைக்கறதுக்கோ எரிக்கறதுக்கோ முன்னாடி, ஸ்டாம்ப் பேட் மையில பாதத்தை ஒத்தி வெள்ளைத்தாள்ல பதிச்சுக்கலாம். கொஞ்சம் முடியும் வெட்டி வெச்சுக்கலாம். அந்த நேரம் போனா திரும்ப வராது.

ரெண்டாவது, செடி. சாம்பலை அப்படியே தொட்டியில கொட்டினா செடி கருகிடலாம். அதுல உப்பும் காரத்தன்மையும் அதிகம். அதனால கொஞ்சமா எடுத்து, நிறைய மண்ணும் தொழுவுரமும் கலந்து வைங்க. அபார்ட்மென்ட் பால்கனிக்கு ஒரு நந்தியாவட்டை போதும்.

மூணாவது, போட்டோ. எல்லார் போன்லயும் ஆளுக்குக் கொஞ்சம் கிடக்கும். ஒரே ஷேர்டு ஆல்பத்துல சேருங்க. வாட்ஸ்அப்ல அனுப்பினா தரம் குறையும், ஒரிஜினலையே ஏத்துங்க. குரைக்கிற சத்தம் இருக்கிற வீடியோவை விட்டுடாதீங்க. அதே சமயம், கூகுள் போட்டோஸ் திடீர்னு பழைய படத்தைக் காட்டி ஆபீஸ்ல கண் கலங்க வெச்சா, மெமரீஸ் செட்டிங்ஸ்ல அந்த முகத்தை மறைச்சு வெக்கலாம். படம் அழியாது. தயாரானதும் திரும்பக் கொண்டு வரலாம்.

நாலாவது, குழந்தைங்க. "தூங்குது", "ஊருக்குப் போயிருக்கு"ன்னு சொல்லாதீங்க. ஊருக்குப் போயிருக்குன்னா வரும்னு காத்திருக்கும், தூங்குதுன்னா தானும் தூங்கப் பயப்படும். செத்துப்போச்சு, இனி வராதுன்னு மெதுவா, நேரா சொல்லுங்க. ஜூடித் வியார்ஸ்ட் 1971-ல எழுதின ஒரு சிறுவர் புத்தகத்துல, பூனை இறந்த பையன்கிட்ட அம்மா ஒரு வேலை கொடுப்பாங்க: அந்தப் பூனையைப் பத்திப் பத்து நல்ல விஷயம் யோசிச்சுச் சொல்லணும். இதை நம்ம வீட்டுலயும் செய்யலாம். ராத்திரி சாப்பிடும்போது ஆளுக்கு ரெண்டு சொல்லச் சொல்லி, ஒரு நோட்டுல எழுதுங்க. செருப்பைக் கடிச்ச கதையும் அதுல வரட்டும், சிரிச்சாலும் தப்பில்ல.

கடைசியா, "இன்னொரு குட்டி வாங்கிடலாம்"ங்கிற பேச்சு. வீட்டுல எல்லாரும் சரின்னு சொல்ற வரைக்கும் காத்திருங்க. வந்தா, அதுக்குப் புதுப்பேரு வைங்க. பழைய பேரு பழைய ஆளுக்கே இருக்கட்டும்.

எந்த வழியை எடுத்தாலும், செய்யறதுக்கு முன்னாடி வீட்டுல இருக்கிற ஒவ்வொருத்தரையும் ஒரு வார்த்தை கேளுங்க. அதிகமாப் பேசாதவங்களை முதல்ல கேளுங்க.