டி.சி வாங்கிய பிள்ளை எங்கே போகிறது? தருமபுரி உயர்நிலைப் பள்ளிகளின் ஏப்ரல், மே, ஜூன்!

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் கடைசித் தாள் மதியம் 1.15 மணிக்கு முடியும். கேட் திறந்ததும் வாசலில் ஒரே கூச்சல். பேனாவைத் திறந்து ஒருவர் சட்டையில் ஒருவர் இங்க் தெளிப்பார்கள். சிலர் சட்டை முதுகிலேயே நண்பர்களிடம் கையெழுத்து வாங்குவார்கள். 'இங்க் அடிச்சா டி.சி கிடையாது' என்று ஆசிரியர்கள் முந்தின நாளே மிரட்டியிருப்பார்கள். அதையும் மீறி யாராவது ஒரு பையன் நீலச் சட்டையோடுதான் வீட்டுக்குப் போவான்.

எல்லா ஊரிலும் நடக்கிற கூத்துதான். ஆனால், தருமபுரி மாவட்டத்தின் சிற்றூர்களில் இந்தக் கொண்டாட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஆசிரியர்களின் மனதில் ஒரு கணக்கு ஓடும். இவர்களில் எத்தனை பேர் ஜூன் மாதம் மறுபடியும் பையைத் தூக்குவார்கள்?

பத்தோடு முடிகிற பள்ளி

உயர்நிலைப் பள்ளி என்றால் பத்தாம் வகுப்பு வரை. மேல்நிலைப் பள்ளி என்றால் பன்னிரண்டு வரை. தருமபுரி டவுனில் படிக்கும் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. அங்கே அதியமான் பெயரில் ஆண்களுக்கும், அவ்வையார் பெயரில் பெண்களுக்கும் அரசு மேல்நிலைப் பள்ளிகள் இருக்கின்றன. பத்து முடித்தவர்கள் அதே வளாகத்தில் பிளஸ் ஒன் வகுப்புக்கு மாறிக்கொள்ளலாம்.

பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்துக் கிராமங்களில் கதை வேறு. உள்ளூர்ப் பள்ளி பத்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அடுத்த வகுப்பு வேறோர் ஊரில், வேறொரு பள்ளியில். பஸ் நேரம் பார்க்க வேண்டும். முகம் தெரியாத ஆசிரியர்கள், புது நண்பர்கள். சித்தேரி, வத்தல்மலை போன்ற மலையூர்ப் பிள்ளைகளுக்கு இன்னும் கஷ்டம். விடுதியில் இடம் கிடைத்தால்தான் பல பேருக்குப் படிப்பே.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரி. மாநிலத்தின் சராசரி சுமார் 80 சதவிகிதமாக இருந்தபோது, இங்கே 68.5 சதவிகிதம். இன்று பத்தாம் வகுப்பு எழுதும் பல பிள்ளைகளின் வீட்டில் அதுவரை படித்த முதல் ஆளே அவர்கள்தாம். 'அடுத்து என்ன படிக்கலாம்?' என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. பள்ளிதான் சொல்ல வேண்டும்.

சத்துணவு நிற்கும், சைக்கிள் வரும்

பத்திலிருந்து பதினொன்றுக்குப் போகும்போது பிள்ளையின் அன்றாடத்தில் இரண்டு மாற்றங்கள் நடக்கின்றன. பள்ளியில் கிடைத்த மதிய உணவு நின்றுபோகிறது. சத்துணவுத் திட்டம் பத்தாம் வகுப்பு வரைதான். பிளஸ் ஒன் சேர்ந்ததும் வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கட்டியாக வேண்டும். காலையிலேயே கூலி வேலைக்குக் கிளம்பிவிடும் அம்மாவுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இன்னொரு மாற்றம், அரசின் விலையில்லா சைக்கிள். அது கையில் வருவதே பதினொன்றாம் வகுப்பில்தான். 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கென்று தொடங்கிய திட்டம் இது. பிறகு மற்ற மாணவ, மாணவியருக்கும் விரிந்தது. பத்து முடித்த பெண் பிள்ளை அடுத்த ஊர்ப் பள்ளிக்குப் போக வழியில்லாமல் வீட்டில் நின்றுவிடக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். பேருந்துக்கு இலவச பஸ் பாஸும் உண்டு. ஆனால், இவையெல்லாம் பிளஸ் ஒன் வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் கிடைக்கும். ஏறுவதற்கு முன்னால் இருக்கும் இரண்டு மாதம்தான் ஆபத்தான காலம்.

லீவு நேரம், முகூர்த்த நேரம்

பங்குனி, சித்திரை, வைகாசி. பள்ளிக்கு இது தேர்வும் விடுமுறையும். ஊருக்கு இது மாரியம்மன் திருவிழா, விடிய விடியத் தெருக்கூத்து, அடுத்தடுத்து முகூர்த்தம். புளி தட்டும் வேலை முடியும் தறுவாயில் மாங்காய் சீசன் சூடு பிடிக்கும். பெங்களூருவில் கட்டட வேலை செய்யும் உறவுக்காரர்கள் திருவிழாவுக்கு வருவார்கள். திரும்பும்போது, 'சும்மாதானே இருக்கான், ரெண்டு மாசம் எங்ககூட வரட்டும்' என்பார்கள். போன பையன் கையில் வாரக்கூலியைப் பார்த்துவிட்டால் ஜூனில் திரும்பி வருவது கடினம்.

பெண் பிள்ளைகளுக்கு வேறு மாதிரி. திருவிழாவில் கூடும் சொந்தத்துக்குள்ளேயே, 'பத்து முடிச்சிட்டாளே, அடுத்து என்ன?' என்ற பேச்சு வரும். பத்து முடித்த பெண்ணுக்கு வயது பதினைந்து, பதினாறு. குழந்தைத் திருமணம் பற்றிய செய்திகளில் தருமபுரியின் பெயர் அடிக்கடி அடிபடுவதற்கும், இந்தக் கோடை விடுமுறைக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. பள்ளி திறந்திருக்கும் நாளில் ஒரு பெண் வராவிட்டால் டீச்சருக்குத் தெரிந்துவிடும். லீவில் யாருக்குத் தெரியும்?

2006-ம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிரம்ப வேண்டும். மீறி நடத்தி வைப்பவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். 1098 என்ற எண்ணுக்கு யார் வேண்டுமானாலும் தகவல் சொல்லலாம். சொல்பவரின் பெயர் வெளியே வராது.

ஆண்டு விழாவில் ஒரு வேலை

ஆண்டு விழா என்றால் சினிமாப் பாட்டுக்கு ஆட்டம், ஒரு நாடகம், கோலப்போட்டிப் பரிசு, தலைவர்களின் நீளமான பேச்சு என்று நினைத்துவிடுகிறோம். கிராமத்துப் பள்ளிக்கு அதில் இன்னொரு பயன் உண்டு. கூட்டம் என்று கூப்பிட்டால் வராத அப்பா, மகள் ஆடுகிறாள் என்றால் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்துவிடுவார். வருடத்தில் பெற்றோர் எல்லோரும் ஒரே இடத்தில் உட்காரும் நாள் அது ஒன்றுதான்.

அன்றைக்குப் பத்தாம் வகுப்புப் பெற்றோர் பக்கத்தில் போய், 'அடுத்த வருஷம் எங்க சேர்க்கப் போறீங்க?' என்று கேட்டுவிட்டால் பாதி விஷயம் தெரிந்துவிடும். பதில் தயங்கி வந்தால், அந்த வீட்டில் கூடுதல் கவனம் தேவை. பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவராக இருப்பவர் ஒரு பெற்றோர்தான். 2024 மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவர்களுக்கும் குழுவில் இடம் கிடைத்திருக்கிறது. அதே ஊரில் படித்து, பக்கத்து ஊருக்கு பஸ் ஏறி, கல்லூரி வரை போன அக்கா ஒருத்தி வந்து பேசினால் அந்தப் பேச்சுக்குத் தனி மதிப்பு.

பொதுத் தொகுப்பில் நிற்கும் பெயர்

இப்போது ஒவ்வொரு மாணவருக்கும் 'எமிஸ்' எனப்படும் கல்வித்துறை இணையத்தளத்தில் தனி எண் இருக்கிறது. பள்ளி டி.சி கொடுத்ததும் அந்தப் பெயர் அதன் பட்டியலிலிருந்து நீங்கி 'காமன் பூல்' என்ற பொதுத் தொகுப்புக்குப் போகும். புதிதாகச் சேரும் பள்ளி அங்கிருந்து பெயரை எடுத்துக்கொள்ளும்.

பள்ளிகள் திறந்து சில வாரங்களுக்குப் பிறகும் ஒரு பெயர் அங்கேயே நின்றால், அந்தப் பிள்ளையை இன்னும் எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். ஐ.டி.ஐ, பாலிடெக்னிக் போயிருக்கலாம், வேறு மாநிலம் போயிருக்கலாம். அல்லது பெங்களூருவில் செங்கல் சுமக்கலாம். எது என்று கம்ப்யூட்டர் சொல்லாது. போன் போட்டோ, நேரில் போயோதான் கண்டுபிடிக்க வேண்டும். டி.சி கொடுத்ததோடு நம் பொறுப்பு தீர்ந்தது என்று நினைக்காத ஆசிரியர்கள் ஜூன் மாதத்திலும் பழைய பத்தாம் வகுப்புப் பட்டியலைக் கையில் வைத்திருப்பது இதனால்தான்.

ரிசல்ட் வந்ததும் என்ன செய்யலாம்?

மே மாதம் ரிசல்ட் வரும்போது வீட்டில் மூன்றுவிதச் சூழல் வரலாம்.

ஒன்று, பிள்ளை ஒன்றிரண்டு பாடத்தில் தவறியிருக்கும். உடனே துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். அதில் தேறினால் அதே ஆண்டில் பிளஸ் ஒன் சேரலாம், ஓர் ஆண்டு வீணாகாது. விண்ணப்பிக்கக் கிடைப்பது சில நாள்கள்தாம் என்பதால், திட்டி முடிக்கும் முன்பே தேதி போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு, சுமாரான மார்க். பிளஸ் ஒன்னில் அறிவியல் பிரிவு மட்டும்தான் படிப்பு என்பதில்லை. வணிகவியல், தொழிற்கல்விப் பிரிவுகள் உண்டு. பத்து முடித்தாலே மூன்றாண்டு பாலிடெக்னிக், ஐ.டி.ஐ எல்லாம் திறந்த கதவுகள்.

மூன்று, நல்ல மார்க். கடன் வாங்கியாவது வெளியூர்த் தனியார் விடுதிப் பள்ளியில் சேர்க்கலாமா என்ற ஆசை வரும். அதற்கு முன் ஒன்றை யோசிக்க வேண்டும். மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றில் 2021 முதலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அதன் விதி. பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளிக்கு மாறினால் அந்த வாய்ப்பு போய்விடும்.

எந்தச் சூழலாக இருந்தாலும், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், மாணவர் பெயரில் வங்கிக் கணக்கு ஆகியவற்றை மே மாதமே சரிபார்த்துக்கொள்வது நல்லது. ஜூனில் இ-சேவை மையங்களில் கூட்டம் அலைமோதும். மலையூர்களிலிருந்து இதற்காகவே இரண்டு, மூன்று முறை கீழே இறங்கி வருவது பெரிய அலைச்சல்.

கல்யாணப் பணம், கல்லூரிப் பணம் ஆனது

மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் முன்பு ஒரு திருமண உதவித் திட்டம் இருந்தது. பத்தாம் வகுப்பு படித்த ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்கு அரசு பணமும், பிற்காலத்தில் தாலிக்குத் தங்கமும் கொடுத்தது. பெண்ணைப் பத்து வரையாவது படிக்க வைக்க அது தூண்டுகோலாக இருந்தது உண்மை. ஆனால், பத்து முடித்தால் கல்யாணம் என்ற எண்ணமும் கூடவே ஒட்டிக்கொண்டது.

2022 செப்டம்பர் 5-ல் அதே அம்மையார் பெயரிலான திட்டம் 'புதுமைப் பெண்' ஆக மாறியது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி சேரும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய், படிப்பு முடியும் வரை அவள் வங்கிக் கணக்கிலேயே வரும். 2024 ஆகஸ்ட்டில் பையன்களுக்கும் 'தமிழ்ப் புதல்வன்' வந்தது. பத்தாம் வகுப்பை எல்லையாக நினைத்த வீடுகளில், கல்லூரி வரை கணக்குப் போட வைத்த மாற்றம் இது.

இந்தக் கோடையில் பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்து முடித்திருந்தால், 'எவ்வளவு மார்க்?' என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், 'எந்த ஸ்கூல்ல சேர்ந்திருக்கே?' என்றும் கேளுங்கள். பதில் வராவிட்டால், அந்த வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். ஜூன் மாதமும் பிளஸ் ஒன் வாசல் திறந்துதான் இருக்கும்.