கால் ஏக்கர் மண்

ஈப்போவில் ரயிலேறித் தெற்கே வந்தால் தாப்பா ரோடு, சுங்காய், அதற்கடுத்து சிலிம் ரிவர். சன்னலுக்கு வெளியே வழி நெடுக செம்பனைதான். கொஞ்சம் வயதானவர் யாராவது பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் கேட்டுப் பாருங்கள். "இங்கே எல்லாம் பால்மரம் இருந்துச்சு" என்று விரலை நீட்டுவார். அந்த விரல் காட்டும் இடத்தில் ஒரு லயம் இருந்திருக்கும், அதன் ஓரத்தில் மாரியம்மன் கோயில், ஆயா கொட்டாய், பால் ஸ்டோர். வெளியூர்க்காரர் கண்ணுக்கு அது தோட்டம். அங்கே பிறந்தவர்களுக்கு அதுதான் சொந்த ஊர்.

சிலிம் ரிவர் வட்டாரம் வளமான மண். மேற்கே ஓடிப் பெர்னாம் ஆற்றில் கலக்கும் சிலிம் ஆறு, உலு சிலிமில் கொதிக்கக் கொதிக்கப் பொங்கும் வெந்நீர் ஊற்று, மலைச்சரிவில் காடு. பேராக் மாநிலத்தில் பல இடங்களில் மண்ணுக்கடியில் வெள்ளீயம் கிடந்தது. மண்ணுக்கு மேலே வந்தது ரப்பர். பிரேசிலிலிருந்து 1876ல் லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன விதைகளின் கன்றுகள், மறு ஆண்டே சிங்கப்பூர் வழியாக இதே பேராக்கின் கோலகங்சாருக்கு வந்து சேர்ந்தன. மோட்டார் வண்டி பெருகி டயருக்குத் தேவை ஏற ஏற, காடுகள் அழிந்து தோட்டங்களாயின. வெட்ட ஆள் வேண்டியிருந்தது. கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போய், சொந்தபந்தத்தையும் ஊர்க்காரர்களையும் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள்.

அவர்கள் செய்த வேலையைக் கிட்டத்தில் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். இருட்டு விலகும் முன்னே பெரட்டு. தண்டல் பெயர் வாசித்து முடித்ததும் அவரவர் நிரைக்குப் போக வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால்தான் அந்த அவசரம். முதலில் நேற்றைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் கோட்டுப்பாலை உரித்துக் கூடையில் போடுவார்கள். பிறகு உளியை இடப்பக்கம் மேலே வைத்து, வலப்பக்கம் கீழாகச் சாய்வாக இழுப்பார்கள். சீவி எடுப்பது ஒன்றரை மில்லிமீட்டர் பட்டைகூட இருக்காது. மேலோட்டமாகச் சீவினால் பால் வராது. ஆழமாகப் போனால் மரத்தில் காயம் விழும், அங்கே புதுப்பட்டை கட்டிகட்டியாக வளரும், அடுத்த முறை உளி இறங்காது. ஒரு மரத்துக்குச் சில விநாடிதான். ஒரு காலைக்கு நானூறு, ஐந்நூறு மரம். கொசுக்கடியில், பனியில் நனைந்த புல்லில் நடந்து இதைச் செய்த பெண்கள் பலர், கைக்குழந்தையை ஆயா கொட்டாயில் விட்டுவிட்டு வந்தவர்கள். பத்துப் பதினோரு மணிக்குத் திரும்ப நிரை நிரையாகப் போய் மங்கில் சேர்ந்த பாலைத் தோம்பில் ஊற்றி, காண்டாக் கம்பில் இருபுறமும் தொங்கவிட்டுச் சுமந்து ஸ்டோருக்கு வர வேண்டும். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் அன்றைய கூலியும் இல்லை.

இதைக் கைத்தொழில் நுணுக்கம் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. கூலி வேலை என்றே பெயர்.

சிலிம் ரிவரின் பெயர் உலகப் போர் வரலாற்றில் இருக்கிறது. 1942 ஜனவரி 7, விடியும் முன்னே ஜப்பானிய டாங்கிகள் துரோலாக் பக்கமிருந்து பிரதான சடக்கு வழியே பாய்ந்துவந்து, 11வது இந்தியப் படைப்பிரிவைப் பகல் முடிவதற்குள் சிதறடித்தன. சடக்கை ஒட்டி ரப்பர் தோட்டங்களுக்குள் வளைந்து கிடந்த பழைய பாதைகள் டாங்கிகளுக்குக் குறுக்கு வழியாயின. கூர்க்கா படையொன்று க்ளூனி தோட்டத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தபோது டாங்கிகள் பின்னாலிருந்து வந்து தாக்கின. நான்கே நாளில், ஜனவரி 11ல், கோலாலம்பூர் விழுந்தது. படைப்பிரிவுகளின் பெயரும் அதிகாரிகளின் பெயரும் போர் வரலாற்றுப் புத்தகங்களில் உண்டு. அந்தத் தோட்டங்களின் லயங்களில் குழந்தைகளை அணைத்துக்கொண்டு சுடும் சத்தத்தைக் கேட்ட குடும்பங்களைப் பற்றி எதுவும் இல்லை. அதற்குப் பிறகு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை ஜப்பானியர்கள் சயாம் ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள். திரும்பி வராதவர்கள் ஏராளம்.

சுதந்திரம் வந்ததும் வேறு ஓர் அடி விழுந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். துண்டான தோட்டத்தில் வேலையும் இல்லை, லயமும் இல்லை. அரசியல் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி போடுங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்று கேட்டார். 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அன்றைய கூலியில் பத்து வெள்ளி சின்னத் தொகையல்ல. ஆனாலும் கொடுத்தார்கள். சொந்த மண் வேண்டும் என்ற ஏக்கம் இவர்களுக்கு இருந்ததில்லை என்று சொல்பவர்களுக்கு அந்தப் பத்து வெள்ளியே பதில்.

பிறகு செம்பனை வந்தது. பால்மரத்துக்கு மரம் மரமாக ஆள் போக வேண்டும். செம்பனைக்குப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை குலை வெட்ட வந்தால் போதும். ஆள் குறைந்தது, லயம் காலியானது. மிஞ்சிய வேலைக்கு இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் ஆள் எடுத்தார்கள்.

இங்கேதான் ஒரு விஷயத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். இதே சிலிம் ரிவர் பக்கத்தில் துரோலாக்கில் ஃபெல்டா குடியேற்றங்கள் இருக்கின்றன. 1956ல் அரசு தொடங்கிய ஃபெல்டா, நிலமில்லாத கிராமத்துக் குடும்பத்துக்குப் பத்து ஏக்கர் பயிர் நிலமும், வீடு கட்டிய கால் ஏக்கர் மனையும் தந்தது. இலவசமாக அல்ல, விளைச்சலிலிருந்து தவணை தவணையாகக் கடனை அடைத்தார்கள். அந்தத் திட்டத்தை நான் குறை சொல்லவில்லை, மனதாரப் பாராட்டுகிறேன். நிலமற்றவனுக்கு நிலம் தந்தால் பிள்ளைகள் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதை அது காட்டியது. ஆனால் குடியேறியவர்களில் மிகப் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள். தோட்டத் தமிழன் தொட்ட மண்ணும் அதே மண், வெட்டிய மரமும் அதே மரம். அவனுக்குக் கிடைத்தது வேலை இருக்கும்வரை குடியிருக்க ஒரு லயத்து வீடு. ஐம்பத்தைந்து வயதானது, வேலை நின்றது, வீடும் போச்சு. தோட்டத் தொழிலாளருக்குச் சொந்த வீடு என்ற பேச்சு 1970களிலேயே எழுந்தது. 1990ல் தொழிலாளர் வீட்டு வசதிக்குச் சட்டம் வந்தது. வீடு எப்படி இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. யாருக்குச் சொந்தம் என்று சொல்லவில்லை.

விளைவு நமக்குத் தெரியும். பட்டணத்து ஓரத்தில் புறம்போக்கில் குடிசை, அங்கிருந்து மலிவு விலை அடுக்குமாடி. வீட்டுக்குப் பின்னால் முருங்கையும் வாழையும் வைத்து, கோழியும் மாடும் வளர்த்த குடும்பம், ஐந்தாம் மாடியில் வேலையில்லாத பிள்ளைகளோடு உட்கார்ந்தது. தோட்டத்திலிருந்து மேலே வந்து மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் ஆனவர்களும் உண்டு. அது அந்தத் தாய்மார்களின் உழைப்பு. ஆனால் ஊரையே மொத்தமாக இழந்தவர்களின் கணக்கை அதைக் காட்டி மூடிவிட முடியாது.

மிஞ்சியிருப்பது கோயிலும் பள்ளியும். தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923 தொழிலாளர் சட்டம் சொன்னது. அப்படிப் பிறந்த பள்ளிகள் பல இன்றும் தோட்டப் பெயரைச் சுமந்து நிற்கின்றன. போர்ப் புத்தகங்களில் வரும் அதே க்ளூனியின் பெயரில் சிலிம் ரிவரில் ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கிறது. எத்தனையோ பழைய லயங்கள் தரையோடு தரையான பிறகும் ஒரு தோட்டத்தின் பெயரைத் தமிழ்ப் பிள்ளைகள் தினமும் சட்டையில் குத்திக்கொண்டு போகிறார்கள்.

இன்னும் தோட்டங்களில் குடியிருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. தோட்டத்தை மேம்பாட்டுக்கு மாற்ற ஒப்புதல் தரும்போது, அங்கே வாழ்ந்தவர்களுக்கு மனையோடு வீடு என்பதை நிபந்தனையாக வைக்க வேண்டும். நிலம் மாநில அரசின் அதிகாரம். ஆகவே இதைப் பேராக் மாநில அரசே செய்யலாம். கேட்பது பத்து ஏக்கர் அல்ல. துரோலாக்கில் வீட்டுக்கென்று தந்த அந்தக் கால் ஏக்கர் மட்டும்.