மூன்று வாரங்கள் கடந்தும் மாறாத குரற்கம்மல்

காய்ச்சல் இரண்டு நாட்களைக் கடந்தால் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பதை டெங்கு நோய் எமது மக்களுக்கு நன்றாகவே கற்பித்துவிட்டது. ஆனால், குரல் கம்மி இரண்டு மாதங்களாகிய பின்னரும் 'தொண்டை கட்டியிருக்கிறது, தானாக மாறிவிடும்' என்று கூறிக்கொண்டு நாட்களைக் கடத்துவோர் எம்மிடையே பலர் உள்ளனர். வலியில்லை, காய்ச்சலில்லை, அன்றாட வேலைக்குப் பெரிதாகத் தடையுமில்லை என்பதே இந்த அலட்சியத்துக்குக் காரணமாகும். குரற்கம்மல்களுள் பெரும்பாலானவை தாமாகவே மாறிவிடுபவை என்பது உண்மைதான். எனினும், மாறாது நிற்கும் சிலவற்றின் பின்னால் என்ன இருக்கின்றது என்பதைக் குரல்வளையை நேரில் பார்க்காமல் எந்த வைத்தியராலும் உறுதியாகக் கூற முடியாது.

கழுத்தின் முன்புறத்தில், ஆண்களில் சற்றுப் புடைத்துத் தெரியும் பகுதியே குரல்வளையாகும். அதனுள்ளே இரு குரல் நாண்கள் அமைந்துள்ளன. நாண் என்று அழைத்தாலும் இவை வீணையின் தந்தியைப் போன்றவை அல்ல. தசையின் மீது மென்மையான சவ்வு போர்த்திய இரு மடிப்புகளே. வளர்ந்தவர்களிலும் இவற்றின் நீளம் ஒன்று முதல் இரண்டு சென்ரிமீற்றர் வரையில்தான் இருக்கும். மூச்சு விடும்போது விலகி நிற்கும் இம்மடிப்புகள், பேச முற்படும்போது ஒன்றையொன்று நெருங்குகின்றன; நுரையீரலிலிருந்து மேலெழும் காற்று அவற்றை அதிரச் செய்கின்றது. சாதாரணமாகப் பேசும் ஆண் ஒருவரில் விநாடிக்கு 100 முதல் 130 தடவைகள் வரையும், பெண்ணில் ஏறத்தாழ 200 தடவைகளும் இவை அதிர்கின்றன. அவ்வாறாயின், பாடசாலையில் ஒரு நாளில் மொத்தமாக இரண்டு மணித்தியாலங்கள் குரலெழுப்பும் ஆசிரியை ஒருவரின் குரல் நாண்கள் 14 இலட்சம் தடவைகளுக்கு மேல் ஒன்றோடொன்று மோதுகின்றன. அந்தச் சவ்வு சற்று வீங்கினாலோ, அதன் ஓரத்தில் கடுகளவு தடிப்பு ஏற்பட்டாலோ மடிப்புகள் சீராக மூடிக்கொள்வதில்லை. இடைவெளியால் காற்றுக் கசிகின்றது, குரல் கரகரக்கின்றது.

திடீரெனக் குரல் அடைப்பதற்கு மிகப் பொதுவான காரணம், தடிமனை உண்டாக்கும் வைரசுகளால் ஏற்படும் குரல்வளை அழற்சியாகும். இது ஓரிரு வாரங்களில் தானாகவே குணமடையும். வைரசுகளின் மீது அன்ரிபயோட்டிக் மருந்துகள் செயற்படுவதில்லை என்பதால், பாமசிக்குச் சென்று இரண்டு நாட்களுக்கென நான்கு குளிசைகள் வாங்கி விழுங்குவதால் குரலுக்கு எந்த நன்மையும் கிட்டப்போவதில்லை. நாணுக்குத் தேவைப்படுவது ஓய்வு மட்டுமே. ஓய்வு என்றவுடன் பலர் இரகசியம் பேசுவதுபோல் காற்றுக் குரலில் பேச ஆரம்பித்துவிடுகின்றனர். அழுத்தி இரகசியம் பேசுவதும் குரல்வளைத் தசைகளை இறுக்குகின்றது. தவிர்க்க முடியாதபோது இயல்பான குரலில், மெதுவாக, சுருக்கமாகப் பேசுவதே சிறந்தது. அடிக்கடி தொண்டையைச் செருமுவதும் வீங்கிய நாண்களை மேலும் மோதச் செய்யும். செருமத் தோன்றும்போது ஒரு மிடறு நீர் அருந்தலாம்.

இவ்விடத்தில் எமது வீடுகளின் கைமருந்தான கொத்தமல்லி பற்றியும் ஒரு வார்த்தை கூறவேண்டும். கொத்தமல்லி அவித்த நீரோ, தேனோ, கற்கண்டும் மிளகுமோ குரல் நாண்களைத் தொடுவதேயில்லை. விழுங்கும் எதுவும் உணவுக் குழாய் வழியே செல்கின்றது. தவறி நாண்களின் பக்கம் சென்றால் எமக்குப் புரைக்கேறுகின்றது. ஆயினும் சூடான பானம் தொண்டைக்கு இதமளிக்கின்றது, உடலின் நீர்த்தன்மையைப் பேணுகின்றது. நீர்த்தன்மை குறைந்த உடலில் நாண்களின் சவ்வும் வரண்டுவிடும். ஆகவே கொத்தமல்லியை நிறுத்தத் தேவையில்லை; அதை நம்பி வைத்தியரைத் தள்ளிவைப்பதையே நிறுத்தவேண்டும்.

குழந்தைகளின் விடயம் வேறு. அவர்களது மூச்சுப் பாதை மிக ஒடுங்கியது என்பதால், பெரியவர்களில் குரலை மாத்திரம் கெடுக்கும் வீக்கம் அவர்களில் மூச்சையே தடுக்கக்கூடும். நாய் குரைப்பதுபோன்ற இருமலுடன் மூச்சை உள்ளிழுக்கும்போது சத்தம் கேட்டாலோ, குழந்தை எச்சிலை விழுங்க முடியாமல் வாயிலிருந்து வடியவிட்டுக்கொண்டு முன்சாய்ந்து அமர்ந்தாலோ, நள்ளிரவாயினும் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவேண்டும். கரண்டியை வைத்து வாயினுள் பார்க்க முயல்வது ஆபத்தானது.

இனி, நாட்பட்ட குரற்கம்மலுக்கு வருவோம். மூன்று வாரங்களைக் கடந்தும் மாறாத குரற்கம்மலை நாட்பட்டதெனக் கொள்வது வைத்தியர்களின் வழக்கம். இதற்கு முதலில் ஆளாகுபவர்கள் குரலால் தொழில் புரிவோர். எமது பாடசாலைகள் பலவற்றில் ஒரே நீண்ட மண்டபத்தைத் தட்டிகளால் மறைத்து நான்கைந்து வகுப்புகள் நடத்தப்படுகின்றன. பக்கத்து வகுப்பின் ஓசையை மேவிக் கற்பிக்கவேண்டிய ஆசிரியர், தம்மை அறியாமலே நாள் முழுவதும் உரத்துப் பேசுகின்றார். ஒலிபெருக்கியின்றி விடியவிடியப் பாடும் கூத்துக் கலைஞர்கள், சந்தை வியாபாரிகள், பேருந்து நடத்துநர்கள், ரமழான் இரவுகளில் நீண்ட தொழுகைகளை நடத்தும் ஹாபிழ்கள் ஆகியோரும் இவ்வகையினரே. அளவுக்கு மீறிய மோதலால் இரு நாண்களிலும் எதிரெதிரே, கையில் காய்ப்பு ஏற்படுவதுபோல், சிறு முடிச்சுகள் தோன்றுகின்றன. காலையில் ஓரளவு தெளிவாக இருந்து மாலையில் மங்கும் குரல் இதன் பொதுவான அறிகுறியாகும். கத்தி விளையாடும் சிறுவர்களிலும் இம்முடிச்சுகள் காணப்படுகின்றன. இவற்றுக்குப் பெரும்பாலும் சத்திரசிகிச்சை அவசியப்படுவதில்லை. மூச்சைக் கையாளும் முறை, குரலை இறுக்கமின்றி எழுப்பும் முறை ஆகியவற்றைப் பயிற்றுவிக்கும் குரற் சிகிச்சையே போதுமானது. பேசும் பழக்கத்தை மாற்றாமல் முடிச்சை மாத்திரம் வெட்டியகற்றினால் அது மீண்டும் தோன்றக்கூடும்.

வேறு காரணங்களும் உள. இரைப்பையின் அமிலம் இரவில் மேலெழுந்து குரல்வளையை அரிப்பதுண்டு. நெஞ்செரிவு இல்லாதவர்களிலும் இது நிகழலாம். நோன்பு துறந்தபின் எண்ணெய்ப் பண்டங்களை வயிறார உண்டு, உடனே படுக்கைக்குச் செல்வோர் இதனைக் கவனத்திற் கொள்ளவேண்டும். ஆஸ்துமாவுக்கு ஸ்டெரோயிட் கலந்த இன்ஹேலர் பாவிப்போரில் நாண்கள் பாதிப்படையலாம். அதற்காக இன்ஹேலரை நிறுத்திவிடக் கூடாது. பாவித்ததும் வாயைக் கொப்பளித்தால் பாதிப்பைப் பெருமளவு குறைக்கலாம். தைரொயிட் சுரப்பி மந்தமடையும்போது குரல் தடிக்கின்றது. குரல்வளையிலும் காசநோய் ஏற்படுகின்றது. இடப்பக்கக் குரல் நாணை இயக்கும் நரம்பு நேராகக் குரல்வளைக்குச் செல்லாமல், நெஞ்சறைக்குள் இறங்கி, பெருநாடியைச் சுற்றிக்கொண்டு மீண்டும் மேலேறுகின்றது. இதனால் நுரையீரற் புற்றுநோய் சிலரில் இருமலுக்கு முன்னரே குரற்கம்மலாகத் தன்னை வெளிப்படுத்துகின்றது.

குரல்வளையிலேயே தோன்றும் புற்றுநோய்க்குப் புகைத்தலே முதன்மைக் காரணமாகும். சிகரெட், பீடி, சுருட்டு என்ற பேதம் இதில் இல்லை. மதுவும் சேரும்போது ஆபத்து பன்மடங்காகின்றது. ஏனைய பல புற்றுநோய்கள் உள்ளே ஒளிந்து வளர்வன; ஆனால் குரல் நாணில் தோன்றுவதோ மிகச் சிறிதாக இருக்கும்போதே குரலை மாற்றிவிடுகின்றது. நாண்களில் நிணநீர்க் குழாய்கள் மிகக் குறைவு என்பதால் அது ஏனைய இடங்களுக்குப் பரவுவதும் தாமதமாகவே நிகழ்கின்றது. ஆரம்ப நிலையில் கண்டறிந்தால் கதிர்ச் சிகிச்சை அல்லது லேசர் சத்திரசிகிச்சை மூலம் பத்தில் ஒன்பது பேர் வரை குணமடைகின்றனர், குரலும் காப்பாற்றப்படுகின்றது. நோய் இவ்வளவு முன்கூட்டியே எச்சரித்தும் அதைக் கேளாதிருப்பது பெரும் கொடுமை எனலாம். விழுங்கும்போது வலி, ஒருபக்கக் காதுவலி, கழுத்தில் கட்டி, சளியில் இரத்தம், காரணமற்ற மெலிவு என்பன சேருமாயின் மூன்று வாரங்கள் காத்திருக்கவும் கூடாது. நீண்டகாலம் புகைத்தவர்களுக்கும் இது பொருந்தும்.

பரிசோதனைக்கு அஞ்சித் தயங்குவோரும் உள்ளனர். குரல் நாண்களை உயிருள்ள மனிதரில் முதன்முதலாகத் தெளிவாகக் கண்டு விபரித்தவர் வைத்தியரல்லர் என்பது சுவையான செய்தி. மனுவேல் கார்சியா என்ற ஸ்பானிய இசையாசிரியர் 1854 ஆம் ஆண்டில், பல் வைத்தியரின் சிறு கண்ணாடியையும் சூரிய ஒளியையும் கொண்டு தமது குரல்வளையைத் தாமே கண்டார். இன்று மெல்லிய வளையும் குழாயொன்று மூக்கின் வழியே செலுத்தப்படுகின்றது. முன்னதாக மூக்கினுள் விறைப்பு மருந்து தெளிக்கப்படும். சற்றே அசௌகரியமாக இருப்பினும், சில நிமிடங்களில் முடிந்துவிடும். தேவை ஏற்படின் மயக்க மருந்தின் கீழ் சிறு துண்டு இழையம் எடுக்கப்பட்டுப் பரிசோதிக்கப்படும். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு உள்ளிட்ட போதனா வைத்தியசாலைகளில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுகள் உள்ளன. அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் குரல் எத்தனை நாட்களாகக் கம்மியுள்ளது என்பதைக் கூறி, அப்பிரிவுக்கு அனுப்புமாறு கேட்பதில் தவறில்லை. இதற்குக் கட்டணமுமில்லை.

தாமதமாக வந்து குரல்வளை முழுவதையும் அகற்ற நேர்ந்தவர்கள் கழுத்திலுள்ள துளையினூடாகவே சுவாசிக்கின்றனர். அவர்களும் மீண்டும் பேச வழியுண்டு. மூச்சுக்குழாய்க்கும் உணவுக் குழாய்க்கும் இடையே சிறு வால்வு பொருத்தியோ, கழுத்தில் வைத்து அதிரச் செய்யும் மின்கருவியைக் கொண்டோ, உணவுக் குழாயினால் ஓசை எழுப்பப் பழகியோ அவர்கள் பேசலாம். ஆனால் இதனைக் கற்பிக்க, முடிச்சுள்ள ஆசிரியைக்குப் பயிற்சியளிப்பதைப் போலவே, பேச்சுச் சிகிச்சையாளர் ஒருவர் தேவை. குரற் பயிற்சி என்பது வாரக்கணக்கில் நோயாளியின் மொழியில் பேசிச் செய்யவேண்டியதொன்று; மொழிபெயர்ப்பாளரை இடையில் வைத்துக்கொண்டு அதைச் செய்வது கடினம். களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடத்தில் இத்துறைக்கான பட்டப்படிப்பு உள்ளது. எனினும், தமிழில் சிகிச்சையளிக்கக் கூடியவர்கள் மிகச் சிலரே. உயர்தரம் கற்கும் எமது மாணவர்களிடம் இப்படியொரு துறை இருப்பதாக எத்தனை பாடசாலைகளில் எடுத்துக் கூறப்படுகின்றது?