மட்கார்டைப் பற்றவைத்தால் தகடு ஏன் நெளிகிறது?

பெங்களூரு ஜே.சி. ரோட்டில் கார் உதிரிபாகக் கடைகள் வரிசைகட்டி நிற்கின்றன. அங்கே ஆசைப்பட்டு அகல டயர் வாங்கி மாட்டியவருக்கு அடுத்த தலைவலி மட்கார்டு. டயர் வெளியே துருத்தினால் சேறும் கல்லும் தெறிக்கும். பள்ளத்தில் இறங்கினால் விளிம்பில் உரசும்.

வழி எளிதாகத்தான் தெரிகிறது. சக்கர வளைவுக்கு மேலே தகட்டை அறுத்து, விளிம்பை வெளியே இழுத்து, இடைவெளியில் புதுப் பட்டையை வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். ஆனால் ஒரே மூச்சில் பற்றவைத்தால், வழவழப்பான மட்கார்டு பொரித்த அப்பளம்போல நெளிந்துவிடும்.

ஏன்?

கார்த் தகட்டின் கனம் பெரும்பாலும் 1 மி.மீ.க்கும் குறைவு. எஃகு உருகவோ சுமார் 1,500 டிகிரி செல்சியஸ் வேண்டும். சூடான இடம் விரியத் துடிக்கும். சுற்றியுள்ள குளிர்ந்த தகடு விடாது. இளகிய உலோகம் தனக்குள்ளேயே நசுங்கித் தடிக்கும். ஆறும்போது பழைய அளவைவிடச் சுருங்கி, அக்கம்பக்கத்தை இழுக்கும். அந்த இழுப்புதான் நெளிவு.

எப்படித் தவிர்ப்பது? டிங்கரிங் தெரிந்தவர் இங்கொரு புள்ளி, எதிர்முனையில் ஒரு புள்ளி என்று வைப்பார். தொட்டால் சுடாத அளவுக்கு ஆறியபின்தான் அடுத்தது. பிறகு அடியில் இரும்புக் கட்டையை முட்டுக்கொடுத்து, பற்றவைத்த கோட்டைச் சுத்தியால் மெல்லத் தட்டுவார். தட்டத் தட்ட, சுருங்கிய உலோகம் மீண்டும் நீளும்.

வீட்டில் செய்பவர்கள் முதலில் தகட்டின் மேலுள்ள துத்தநாகப் பூச்சைத் தேய்த்தெடுக்க வேண்டும். துத்தநாகம் 907 டிகிரியில் ஆவியாகும். அந்தப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும்.

சட்டமும் உண்டு. பதிவுச் சான்றில் உள்ள, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.